எல்லார் ஊர்த் தமிழும் பேசிய வீட்டுத் தரகர்

டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே, மாடு மேய்ந்துகொண்டிருந்த புல்வெளியைக் கூறுபோட்டு ஒரே அச்சில் வார்த்த வீடுகளாக நிறுத்திய மெஸ்கிட் பெண்ட் என்ற புறநகரில், தமிழ்க் குடும்பங்கள் பெருகி, இட்லி மாவு விற்கும் கடை இரண்டாகி, தமிழ்ச் சங்கமும் இரண்டாக உடைந்து, பொங்கல் விழாவுக்கு மண்டபம் கிடைக்காததால் மறுபடி ஒன்றாகிச் சண்டையைத் தொடர்ந்துகொண்டிருந்த காலத்தில், அன்பு என்ற வீட்டுத் தரகர் வந்து சேர்ந்தார். மளிகைக் கடைக் கதவில், பரதநாட்டிய வகுப்புக்கும் கேட்டரிங் அக்காவுக்கும் நடுவில், ‘உங்கள் தாய்மொழியிலேயே வீடு வாங்குங்கள்’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. எங்களுக்கு முதல் சந்தேகம் அங்கேதான் வந்தது.

இரண்டாவது சந்தேகம் அந்தப் பெயர். ஒருவர் பெயரைச் சொன்னால் பாதி விவரம் தெரிய வேண்டும், அப்பா பெயரைச் சொன்னால் மீதியும் தெரிய வேண்டும், பெயர் என்று ஒன்றை வைப்பதே அதற்காகத்தானே. அன்பு என்றால் என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய லைசென்ஸ் எண் இருந்தது.

எங்கள் வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். புதிதாக ஒரு தமிழ் முகத்தைப் பார்த்தால் முதலில் சிரிப்போம், அப்புறம் ‘உங்க நேட்டிவ் எது?’ என்போம். சென்னை என்று சொன்னால் ‘சென்னைக்கு முன்னாடி?’ என்போம், மாவட்டம் சொன்னால் தாலுகா கேட்போம், தாலுகா சொன்னால் ஊர் கேட்போம், ஊரைச் சொல்லிவிட்டால் ‘அடடே, எங்க மாமா அங்கதான் தாசில்தாரா இருந்தார், நீங்க அங்க எந்தத் தெரு?’ என்போம். தெரு தெரிந்த பிறகுதான் இவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவதா, கடையில் பார்த்தால் கையசைப்பதோடு நிறுத்திக்கொள்வதா என்பது முடிவாகும். எங்களுக்கெல்லாம் ஜாதி பார்க்கிற பழக்கமே கிடையாது. தெருவைத்தான் பார்ப்போம்.

அன்புவிடமும் கேட்டோம். கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே ‘நம்ம ஊர்தான்’ என்றார். எந்த நம்ம ஊர் என்று அடுத்த கேள்வி கேட்க யாருக்கும் தேவைப்படவில்லை, ஏனென்றால் அவர் வாயைத் திறந்ததுமே கேட்டவர்களுக்கு ஊர் விளங்கிவிட்டது, அது அவரவருடைய சொந்த ஊராக இருந்தது.

விஷயம் வெளியே வந்தது கோகிலவாணியாலும் அவள் கணவன் சோலைராஜாலும். அவள் ஈரோட்டுப் பக்கம், அவன் மதுரைப் பக்கம், காதல் கல்யாணம். அன்பு அவர்களுக்கு ஒரு வீட்டைக் காட்டி, சமையலறை சன்னலருகே நின்று, “ஏனுங்க்கா, மேக்கால சன்னலு வெச்சிருக்கறாங்க, சாயங்காலம் வெயிலு நேரா அடிக்குமுங்க, கரண்ட் பில்லு கட்டி மாளாதுங்க” என்று சொன்னதாகக் கோகிலவாணி திரும்பி வரும்போது காரில் சொன்னாள்.

“அவரு எங்கூருப் பக்கந்தானுங்க. சென்னிமலைய தாண்டிட்டா இந்தப் பேச்சு வராது.”

“யாரு, அவரா?” என்றான் சோலைராஜ். “அவரு மேலூர்ப் பக்கந்தேன். ‘அண்ணே, இங்கிட்டு வாங்க, மேற்க சன்னல வச்சிருக்காய்ங்க’ன்னாரே, ஒன் காதுல விழுகலையா?”

வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது கைப்பேசியில் எடுத்த வீடியோவை ஓட்டிப் பார்த்தார்கள். அவளுக்கு ஈரோடு கேட்டது, அவனுக்கு மேலூர் கேட்டது. பக்கத்து வீட்டுக் கும்பகோணத்துக்காரரை, சங்கத்தின் முன்னாள் தலைவர் சபாபதியை, கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார்கள். அவர் இரண்டு தடவை காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “நம்ம கும்மோணத்துப் பேச்சுன்னா இது! இவன் காவேரித் தண்ணி குடிச்சு வளர்ந்த பய” என்று சொன்னார். அன்றைக்கே அந்த வீடியோ வாட்ஸாப்பில் ஊர் சுற்றியது, கேட்டவர்கள் எல்லாருக்கும் தத்தம் ஊர் கேட்டது.

இதை அதிசயம் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. ‘இதுல என்ன உள்குத்து?’ என்றுதான் கேட்டோம். சங்கிலி வியாபாரத்துக்கு ஆள் சேர்க்கிறவன் என்றார்கள் சிலர், விசா விவரம் துருவ அரசாங்கம் அனுப்பிய ஆள் என்றார்கள் சிலர், கமிஷனுக்காக நாக்கில் ஏதோ வேலை செய்துகொண்டு வந்திருக்கிறான் என்று ஒரு பல் மருத்துவரே சொன்னார். அமெரிக்கத் தரகர் ஏமாற்றினால் அது வியாபாரம், நம்மாள் ஏமாற்றினால் அது துரோகம், ஆகவே நம்மாளிடம் போகவே கூடாது என்பது எங்கள் பழைய கொள்கை. இவரோ எல்லாருக்கும் நம்மாளாக இருந்தார். அதைவிட மோசம், இவர் வீட்டின் குறைகளை வாய்கூசாமல் சொன்னார், இங்கே அஸ்திவாரம் விரிசல் விட்டிருக்கிறது, அங்கே மழை பெய்தால் கொல்லைப்புறம் குளமாகும் என்று வாங்க வந்தவரிடமே சொன்னார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். நல்ல வீட்டையெல்லாம் தன் ஆட்களுக்கு ஒதுக்கி வைக்கிறான் என்று பேசிக்கொண்டோம், அந்தத் தன் ஆட்கள் யார் என்பதுதான் எங்களுக்குப் பிடிபடவில்லை.

அப்புறம்தான் இன்னொன்று தெரிந்தது. சொந்த ஊர்ப் பேச்சு காதில் விழுந்தால் பதிலும் சொந்த ஊர்ப் பேச்சில் வந்துவிடுகிறது, அதை யாராலும் அடக்க முடியவில்லை. மோகன்தாஸ் என்று ஒருவர் இருந்தார், பெசன்ட் நகரில் பிறந்து பெசன்ட் நகரில் வளர்ந்ததாக எங்களிடம் சொல்லி, கடற்கரை, கோயில், காபிக் கடை என்று அடையாளமெல்லாம் சொல்லி நிலைநாட்டியிருந்தவர். ஒரு வீட்டின் கராஜில், நாலு பேர் நிற்கும்போது, அன்பு ஏதோ சொல்ல, அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அய்ய, செவரு என்ன இப்பிடி வெடிச்சுக் கெடக்கு? இதுக்கா இம்புட்டு சக்கரம் கேக்குதாவ?” என்று சொல்லிவிட்டார். பணத்தைச் சக்கரம் என்று சொல்வது கன்னியாகுமரிப் பக்கம். அவர் முகம் வெளுத்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், எங்கள் அத்தனை பேர் மூளையிலும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை வந்தது.

அதன்பின் அன்புவை நாங்கள் சந்தேகப்படுவதைக் குறைத்துக்கொண்டு, அவரை வைத்து மற்றவர்களைச் சந்தேகப்பட ஆரம்பித்தோம். சம்பந்தம் பேச வந்த பெண் வீட்டாரை ‘சும்மா ஒரு வீடு பாத்துட்டு வாங்களேன், நம்ம அன்பு கூட்டிட்டுப் போவார்’ என்று அனுப்பி வைத்தோம், பின்னாலேயே ஒருவர் காது கொடுத்துக்கொண்டு போனார். சங்கக் கமிட்டிக்கு நிற்கிறவர்கள் முதலில் வீடு பார்த்தார்கள். கேட்டரிங் அக்கா, வீடு வாங்கும் எண்ணமே இல்லாதவர், நீச்சல்குளம் வைத்த மாளிகை ஒன்றைப் பார்க்க அழைத்துச் செல்லப்பட்டார். யாரும் வாங்காத வீடுகளை வாரக் கடைசியெல்லாம் அன்பு பொறுமையாகத் திறந்து காட்டினார், குறைகளைச் சொன்னார், காபி வாங்கிக் கொடுத்தார். விவரம் தெரிந்தவர்கள் அவரிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசப் பழகிக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் பேசுகிறவருக்கு மறைக்க ஏதோ இருக்கிறது என்று நாங்களும் புரிந்துகொண்டோம்.

இப்படியிருக்க, சந்தனா என்று ஒருத்தி எங்கள் ஊரில் இருந்தாள். கணவன் ஜெயசீலன், பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். நேட்டிவ் சென்னை என்பாள், சென்னைக்கு முன்னாடியும் சென்னை என்பாள், அதற்கு மேல் கேட்டால் அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிக் கிளம்பிவிடுவாள். அவள் குடியிருந்த வீடுகள் எல்லாம் தமிழர்கள் வாடகைக்கு விட்டவை. முதல் வீட்டு ஓனரம்மா ஒருநாள் சுண்டலோடு வந்து உட்கார்ந்து ‘உங்க குலதெய்வம் எதும்மா?’ என்று கேட்க, இவள் யோசிக்காமல் ‘திருப்பதி’ என்று சொன்னாள். திருப்பதிப் பெருமாளைக் குலதெய்வம் என்று சொல்கிற வீடுகளும் உண்டுதான், ஆனால் இவள் சொன்ன வேகம் சரியில்லை. அந்த மாதமே ஓனரம்மாவின் மகன் திரும்பி வருவதாகவும் வீடு தேவைப்படுவதாகவும் செய்தி வந்தது. அடுத்துக் குடிபோன வீட்டின் ஓனருக்கு ஊரிலிருந்து ஒரு போன் வந்தது, அவருக்கும் வீடு தேவைப்பட்டது. இப்போது இருக்கும் வீட்டையும் பள்ளி திறப்பதற்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். மகள் ஏற்கெனவே இரண்டு தடவை பள்ளி மாறி, சிநேகிதி பெயர்களைச் சொல்வதையே நிறுத்தியிருந்தாள்.

இதையெல்லாம் பின்னால் அவளே சொன்னாள். யாரும் வந்து உட்கார்ந்து எதையும் கேட்க முடியாத ஒரு வாசல் வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள், சாப்பாட்டைப் போல, தூக்கத்தைப் போல ஆசைப்பட்டாள். அமெரிக்கர்கள் விற்ற வீடுகளுக்கெல்லாம் விலை கேட்டுப் பார்த்தாள், ஒவ்வொன்றையும் அதிக விலை கொடுப்பவர் யாரோ வந்து தட்டிக்கொண்டு போய்விட்டார். கடைசியில் அவர்கள் கைக்கு எட்டும் விலையில் இருந்தது ஒரே வீடு, அதே பள்ளிக்கூடத்தின் பின்தெருவில், கிழக்குப் பார்த்த வாசலோடு. அது சபாபதியின் வீடு.

சபாபதி மகனோடு போய் இருப்பதற்காகக் கலிபோர்னியா போகிறார். வீட்டை விலை குறைத்துப் போட்டிருந்தார், ‘காசு முக்கியமில்லை, வீடு நல்ல கையில போய்ச் சேரணும்’ என்று எல்லாரிடமும் சொன்னார். எது நல்ல கை என்று கண்டுபிடிக்கத்தான் அன்புவைத் தரகராக வைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓபன் ஹவுஸ். வருகிறவர்கள் எல்லாரும் கூடத்தில் நின்று அன்புவோடு ரெண்டு வார்த்தை பேச வேண்டும், சபாபதி ஒரு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பார். வாங்கப் போகிறவர்கள் சிலர், வேடிக்கை பார்க்கிறவர்கள் பலர், நாங்கள் எல்லாருமே போனோம். மைசூர்பாகு வைத்திருந்தார்கள்.

சந்தனா கணவனோடும் மகளோடும் வந்தாள். ஜெயசீலன் வரும் வழியெல்லாம் “இங்கிலீஷ், இங்கிலீஷ் மட்டும்” என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறான். கூரை எப்போது மாற்றியது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அன்பு தமிழில் பதில் சொன்னார். தண்ணீர்க் குழாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்டாள். அன்பு தமிழில் பதில் சொன்னார், ஒரு குழாய் கசிவதையும் மறைக்காமல் சொன்னார். நாங்கள் மைசூர்பாகை மென்றபடி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம், சபாபதி கண்ணை மூடிக்கொண்டு தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார், கதை முடிந்தது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அப்போது அன்பு, கையிலிருந்த காகிதங்களைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, அவளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். எங்கள் ஒவ்வொருவருக்கும் அது எங்கள் ஊர்ப் பேச்சில் கேட்டது. அவளுக்கு இப்படிக் கேட்டது:

“நீ யாரு மவ தாயி?”

நாங்கள் எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாகக் கேட்ட கேள்விதான். ஆனால் அவளுடைய தெருவில் அந்தக் கேள்வியை வேறு காரியத்துக்காகக் கேட்பார்களாம். வெளியூர் விடுதியில் படித்துவிட்டு லீவுக்கு வந்து பஸ்ஸைவிட்டு இறங்கி நடக்கிற பெண்ணைப் பார்த்து, அடையாளம் தெரியாமல், இந்தப் பையை எந்த வீட்டில் கொண்டுபோய் வைப்பது என்று தெரிந்துகொள்ள, பையைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்பார்களாம். அந்தக் குரலில் அதை அவளிடம் யாரும் கேட்டுப் பல வருஷமாகியிருந்தது. ஜெயசீலன் அவள் முழங்கையைப் பிடித்தான். அவள் கையை விடுவித்துக்கொண்டாள், அழுகை வந்தது, அதைத் துடைக்காமலே வாய் நிறையப் பேசினாள்.

“நான் கீழக்காலனி மாரியப்பன் மவ. எம்பேரு சந்தனா இல்ல, சந்தனமாரி. எங்கம்மா பேரு உச்சிமாகாளி. எங்க தெருவுக்குப் பஸ்சு வராது, ஊருக்குள்ளகூடி நேரா நடந்தா பள்ளிக்கூடம் கிட்டத்தான், எங்கள அந்த வழியா நடக்க விடமாட்டாவ, வயக்காட்டச் சுத்தித்தான் போவோம். இங்க வந்தும் சுத்திக்கிட்டேதான் இருக்கேன். எனக்குக் காலு வலிக்கி. இந்த வீடு எனக்கு வேணும்.”

அதுவரைக்கும் அன்புவுக்கு யாரும் முழுசாகப் பதில் சொன்னதில்லை. நாங்கள் எல்லாரும் பாதியை விழுங்கிவிட்டு, விழுங்க முடியாமல் தவறி விழுந்ததைத்தான் அவருக்குக் கொடுத்திருந்தோம். ஒருத்தி முழுசாகக் கொடுத்ததும் அவருடைய நாக்கு அங்கேயே நின்றுவிட்டது. “மாரியப்பண்ணன் மவளா நீ! அப்பிடிச் சொல்லு தாயி! வீட்ட நல்லாச் சுத்திப் பாத்துக்கிட்டியா?” என்று அவர் சொன்னதை இந்தத் தடவை அவரவர் ஊர்ப் பேச்சில் நாங்கள் கேட்கவில்லை. ஈரோட்டுக்காரியும் மேலூர்க்காரனும் பெசன்ட் நகர் மோகன்தாஸும், கூடத்தில் நின்ற அத்தனை பேரும் அதைக் கீழக்காலனிப் பேச்சிலேயே கேட்டோம்.

சபாபதி எழுந்தார். மரியாதையான மனிதர், முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, தான் ஏற்கெனவே ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாக நாசூக்காகச் சொல்ல வாயைத் திறந்தார்.

“மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத தாயி, நான் முன்னமே ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டேம்லா” என்று வந்தது.

நாங்கள் சந்தனாவைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்த்தோம். அவர் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் சத்தமாக, “எலே, இது எம் பேச்சு இல்லவே! நான் கும்பகோணத்துக்காரம்லா!” என்றார்.

கும்பகோணம் என்று இத்தனை வருஷமாகச் சொன்னது யார்? அவர்தானே சொன்னார், நாங்கள் போய்ப் பார்த்தோமா? காவேரித் தண்ணி காவேரித் தண்ணி என்று ஒரு மனிதர் அளவுக்கு மீறிச் சொல்லும்போதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். கோகிலவாணிக்குப் பொறுக்கவில்லை. “சார், நீங்களும் அங்கன உள்ள ஆளுதானா?” என்று கேட்டுவிட்டாள், கேட்ட பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவளுக்கே தெரிந்தது, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சோலைராஜ் தன் மனைவியை, புதிதாகப் பார்க்கிறவன் போல, மேலிருந்து கீழ்வரை பார்த்தான், ஏதோ சொல்ல வந்தவன் சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டான். எல்லாரும் எல்லாரையும் பார்த்தோம். எல்லார் வாயும் மூடியிருந்தது. மூடியிருக்கிற வாயைவிடச் சந்தேகமானது உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

சந்தனமாரி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சபாபதியின் முன்னால் போய் நின்றாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“சித்தப்பா” என்றாள். “நீங்க போட்ட வெலைக்கு ஒரு ரூவா கொறைக்காம நாங்க தாரோம். வீட்டத் தருவீயளா, மாட்டீயளா? வாயத் தொறந்து எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க.”

சபாபதி எங்களைப் பார்த்தார். அந்தக் கூடத்தில் தான் எத்தனை பேரிடம் எந்தத் தெரு என்று கேட்டிருக்கிறோம் என்று அவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிடலாம்தான். ஆட்டினால் அவள் ஏன் என்று கேட்பாள், ஏன் என்பதற்குத் தலையால் பதில் சொல்ல முடியாது. சபாபதி தலையை மேலும் கீழுமாக ஆட்டினார். அன்பு சமையல் மேடையிலிருந்து காகிதங்களை எடுத்து வந்தார்.

அன்று அந்தக் கூடத்தில் இருந்த எல்லாருக்கும், யாரிடம் தமிழில் பேசினாலும், அந்தக் கீழக்காலனிப் பேச்சே நிலைத்துவிட்டது. வீட்டில் ஆங்கிலத்தில் பேசி ஒப்பேற்றினோம், பிள்ளைகள் சிரித்தார்கள். ஊருக்குப் போன் போடுவதைக் குறைத்துக்கொண்டோம். சங்கக் கூட்டம் யாரும் பேசாததால் சீக்கிரம் முடிந்தது. தனியாகக் கார் ஓட்டும்போது சிலர் அதில் வாய்விட்டுப் பேசிப் பார்த்ததாகவும், வாய்க்கு அது நன்றாகவே இருந்ததாகவும் கேள்வி. ஒருவரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

புதுமனை புகுவிழாவுக்குச் சந்தனமாரி எல்லாரையும் அழைத்தாள். போகாமல் இருக்கலாம், ஆனால் போகாதவர்களைப் பற்றிப் போனவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நாங்கள் எல்லாருமே யோசித்தோம், அதனால் எல்லாருமே போனோம். அன்பு முதல் ஆளாக வந்து உட்கார்ந்து, வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். மகள் பள்ளிச் சிநேகிதிகளை அழைத்து வந்து மாடியில் ஓடிக்கொண்டிருந்தாள். பால் பொங்கியது. சந்தனமாரி ஒவ்வொரு டம்ளராக நிரப்பி, ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்று, இரண்டு கையாலும் நீட்டினாள். எங்களில் சிலர் ஆயுசில் அப்படி ஒரு வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. வாங்கிக் குடித்தோம். பால் நல்ல சூடாக, ஏலக்காய் போட்டு, திட்டமான சர்க்கரையோடு இருந்தது.

எல்லாருக்கும் கொடுத்து முடித்துவிட்டு, பாத்திரத்தின் அடியில் மிச்சமிருந்ததைப் பார்த்து, “இன்னுங் கொஞ்சம் யாருக்கு வேணும்?” என்று அவள் கேட்டாள். எங்கள் கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு குரல், தயங்காமல், “எனக்கு ஊத்து தாயி” என்றது. அது யார் என்று இன்றுவரைக்கும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.